சித்தப்பா செத்த வாரம்

என் சித்தப்பா சண்முகராசாவை நான் சாகடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் மிச்சம் ஜங்சன் டிராம் நிறுத்தத்தில் வைத்து. ஆயுதம், கைத்தொலைபேசி. மறுமுனையில் இருந்தவர் ஸ்ரீதரன், எங்கள் கோயில் தொண்டர் சபையின் பொறுப்பாளர்.

"யோகண்ணை, தேருக்கு மோர்ப் பந்தலுக்குத் தயிர் எத்தினை வாளி சொல்லுறது?" என்றுதான் மனிதர் கேட்டார். பன்னிரண்டு வருடமாக அந்தப் பந்தலுக்குப் பொறுப்பு நான். வருடா வருடம் இதே கேள்வி, முப்பது வாளி என்ற இதே பதில். அன்றைக்கு மட்டும் என் வாய், "ஸ்ரீ, ஜெர்மனியிலை என்ரை சித்தப்பா மோசம் போயிட்டார்" என்று சொல்லிவிட்டது.

மகள் தனுஷியா தன் முதல் சம்பளத்தில், எங்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கென்று, கிரேக்கத்தில் கொஸ் என்ற தீவுக்கு ஒரு வாரப் பயணம் எடுத்துத் தந்திருந்தாள். திகதியைப் பார்த்தால் நேரே தேர்த் திருவிழா வாரம். "மாத்தேலாதா பிள்ளை?" என்று கேட்டேன். "அப்பா, இட்ஸ் நொன் ரிஃபண்டபிள்" என்றாள். அந்தச் சொல்லுக்கு மேல் எங்கள் வீட்டில் மேன்முறையீடு கிடையாது.

பிள்ளை ஆசையாகத் தந்தது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம், போன வருடப் பொதுக்கூட்டத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால். அதற்கு முந்தின வருடத் தேருக்கு நிற்காமல் ரெனரீவ் தீவுக்குப் போய்வந்த றமணனைப் பார்த்து, "கடற்கரை எங்கையும் ஓடிப் போகாது தம்பி, தேர் வருசத்துக்கு ஒருக்காத்தான் ஓடும்" என்று எழுந்து கண்டித்தவன் நான். கைதட்டினார்கள். நான் இன்னொரு முறையும் சொன்னேன். பாவம் றமணனை மோர்ப் பந்தலில் இருந்து எடுத்து, மஞ்சள் அங்கி போட்டுக் கார்த் தரிப்பிடத்தில் நிற்க விட்டார்கள். அன்று முழுக்க மழை.

தேரைத் தவறவிட எங்களிடம் மறுபேச்சில்லாத காரணம் ஒன்றே ஒன்றுதான். துடக்கு. சொந்தத்துக்குள் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. வா என்று கூப்பிட ஆளில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆளில்லை. அந்தச் சாவு ஜெர்மனியில் என்றால் ஒரு வாரம் வீட்டில் ஆள் இல்லாததற்கும் காரணம் தேட வேண்டாம்.

யாரைச் சாகடிப்பது என்பதிலும் எனக்கு மனச்சாட்சி இருந்தது. அப்பாவின் சகோதரர்களில் மிஞ்சியிருப்பவர் இந்த ஒரு சித்தப்பாதான். வுப்பெற்றால் நகரத்தில் இருந்தார். இருபத்தைந்து வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. காரணம் என் கலியாணம். எங்கள் ஆட்களுக்கு அழைப்பென்றால் ஆள் நேரே வந்து சொல்ல வேண்டும், கடல் கடந்த இடமென்றால் மூத்தவர் தொலைபேசியிலாவது வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்பா இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டார். அதற்குள் கலியாணக் கார்ட் தபாலில் போய்ச் சேர்ந்துவிட்டது. சித்தப்பா வரவில்லை. பிறகு அப்பா செத்தபோது ஜெர்மனியில் இருந்து பார்சலில் ஒரு மலர்வளையம் வந்தது. கூடவே ஒரு துண்டு: "கலியாணத்துக்குத் தபாலில் கூப்பிட்டீர்கள். நானும் தபாலில் அழுகிறேன்."

அப்படிப்பட்ட மனிதர். லண்டனில் எவரும் தொலைபேசி எடுத்து, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று சரிபார்க்கப் போவதில்லை. இவ்வளவையும் டிராம் வந்து நிற்பதற்குள் யோசித்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னப் பெருமை உண்டு.

விசயம் வெளியில் வந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். சும்மா பொய் சொன்னவனை மன்னிப்பார்கள். துடக்கை வைத்துப் பொய் சொன்னவனை, டூட்டிங்கில் இருந்து வெம்பிளி வரை ஒரு கலியாண வீட்டிலும் பக்கத்துக் கதிரையில் இருக்க விடமாட்டார்கள்.

அன்று பின்னேரமே ஸ்ரீதரனும் மனைவியும் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்துவிட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பெரியாது என்று சாப்பாடு கொண்டுபோவது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டு அடுப்பிலோ மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீதரனின் மூக்கு இரண்டு முறை அசைந்தது.

"பக்கத்து வீட்டுப் போர்த்துக்கல் சனம்," என்றேன். "ஒரே மீன்தான்."

போர்த்துக்கல்காரர் பழப்புளி விட்டு, வெந்தயம் போட்டு மீன் காய்ச்சுவார்கள் என்பதை ஸ்ரீதரன் அன்றுதான் அறிந்துகொண்டார். வாசலில் சப்பாத்தைக் காலில் மாட்டியபடி, "அண்ணை, செத்தவீட்டை நேரலையிலை போடுவினம்தானே? லிங்கை அனுப்பிவிடுங்கோ. நாங்கள் தொண்டர்கள் எல்லாரும் பந்தல் போடுற இடத்திலை நிண்டு பாப்பம்" என்றார்.

கதவு சாத்தும் வரைக்கும் என் மனைவி சிவகௌரி பொறுத்தாள்.

"உயிரோடை இருக்கிற மனிசனை வாயாலை சாக்காட்டிப் போட்டியளே! அவரின்ரை ஆயுளுக்கு உடனை ஒரு அர்ச்சனை செய்ய வேணும்."

"செய்யுமன்."

"எங்கை செய்யிறது? எங்களுக்குத் துடக்கெல்லோ!"

நான் போய் மீன் குழம்பை இறக்கி வைத்தேன்.

கொஸ் தீவு அழகாகத்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் மண்ணிறமான முகங்கள். ஒவ்வொன்றும் எனக்கு எங்கள் கோயில் ஆட்களின் முகமாகத் தெரிந்தது. ஐஸ்கிரீம் கடையில் ஒரு குஜராத்திக் குடும்பத்தைக் கண்டு, நான் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு நகைக்கடைக்குள் நுழைந்ததில், சிவகௌரி தனக்கு ஏதோ வாங்கப் போகிறேன் என்று நினைத்துச் சந்தோசப்பட்டாள். அந்தச் செலவைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் ஹொட்டல் பல்கனியில் இருந்து பார்த்தால் எதிரே துருக்கி தெரியும். காலையில் கப்பலில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். "கண்ணுக்கு முன்னாலை ஒரு நாடு கிடக்குது, போகாமல் வாறதோ?" என்றாள் சிவகௌரி. துருக்கியில் என்னை அறிந்தவர் ஒருவருமில்லை என்பதால் நான் உடனே சம்மதித்தேன்.

மறுநாள் கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு, போட்ரம் போகிற கப்பலில் ஏறி, மேல்தட்டில் நிழலான வாங்கொன்றில் இருந்தோம். நாலு நாளுக்குப் பிறகு அப்போதுதான் என் தோள்கள் கீழே இறங்கின. எங்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் ஏறியது. இருபது ஜெர்மன் ஓய்வூதியக்காரர். எல்லோர் தலையிலும் எலுமிச்சை மஞ்சளில் ஒரே மாதிரித் தொப்பி. கடைசியாக ஏறியவர் என் அப்பா.

அப்பா செத்துப் பதினாலு வருடம். ஆனாலும் அதே காது. கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, எதுவும் வாங்குகிற எண்ணமில்லாமல் கடைக்குள் நுழைகிற அதே நடை.

சிவகௌரி என் தொடையில் கிள்ளினாள். "இஞ்சருங்கோ. உங்கடை அப்பாவை உரிச்சு வைச்ச மாதிரி. உங்கடை சித்தப்பாவேதான்."

"எந்தச் சித்தப்பா?"

"நீங்கள் சாக்காட்டினவர்."

கப்பல் வெளிக்கிட்டுவிட்டது. இறங்க வழியில்லை. நான் கப்பல்காரர் தந்த விளம்பரத் தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தேன். அது துருக்கி மொழியில் இருந்ததோ தலைகீழாக இருந்ததோ, இரண்டும் எனக்கு ஒன்றுதான். மஞ்சள் தொப்பி எங்கள் வாங்குக்கு எதிரே வந்து நின்றது.

"தமிழோ?"

"ஓம்," என்றாள் சிவகௌரி.

"எவடம்?"

"லண்டன்."

"அது சரி. ஊரிலை எவடம்?"

எங்கள் ஆட்களுக்கு நாலே நாலு கேள்வி போதும், எதிரில் நிற்பவனின் பூட்டன் வரைக்கும் போய்விடுவார்கள். மூன்றாவது கேள்வியிலேயே ஆளை மறிக்க வேண்டும் என்று, தாளுக்குப் பின்னால் இருந்து "திருகோணமலை" என்றேன். எங்கள் பரம்பரையில் ஒருவரும் திருகோணமலைக்குச் சுற்றுலாகூடப் போனதில்லை.

சிவகௌரி என் கையில் இருந்த தாளைப் பிடுங்கினாள். "மாமா, இவர் உங்கடை அண்ணற்றை மகன். யோகலிங்கம்."

சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில், ஒரு ஆள் இடைவெளி விட்டு இருந்தார்.

"கொப்பற்றை முகம் இல்லை உனக்கு," என்றார். "கொம்மாவின்ரை பக்கம்." இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு எங்கள் பேச்சுவார்த்தை இப்படித் தொடங்கியது. "லண்டனிலை இப்ப தேர் நேரமெல்லோ? நிக்காமல் வந்திட்டியள்?"

"துடக்கு, மாமா," என்றாள் சிவகௌரி கடலைப் பார்த்தபடி.

"ஆர் செத்தது?"

"அவரைக் கேளுங்கோ."

கேட்டார். சொன்னேன். டிராம் நிறுத்தம், தயிர் வாளி, றமணன், ஒன்றையும் விடவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பையில் இருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"எப்ப செத்தனான்?"

"போன செவ்வாய்."

"என்ன வருத்தம்?"

"ஹார்ட் அட்டாக்."

"என்ரை இதயம் திறமா இருக்குது எண்டு போன மாசம்தான் டொக்டர் சொன்னவர். எனக்குச் சுகர். அதைச் சொல்லியிருக்கலாமே?"

"சுகரிலை திடீரெண்டு சாகேலாது, சித்தப்பா. எனக்கு அவசரம்."

"படுக்கையிலை கிடந்து கஸ்ரப்பட்டனானோ?"

"இல்லை. ஒரு நிமிசத்திலை முடிஞ்சுது."

"அது பரவாயில்லை," என்றார் உண்மையான ஆறுதலோடு. "ஆரும் துக்கப்பட்டவையோ?"

தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து கையில் கொடுத்தேன். எண்பத்துமூன்று செய்தி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கும்பிடுகிற கைகளாக வந்தவற்றையும் விடாமல், ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரிடத்தில் நின்றார்.

"'அன்னார் பழகுவதற்கு இனியவர்.' ஆர் இவன்? நான் இவனைக் கண்டதே இல்லையே."

"எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதுறவர், சித்தப்பா."

"எழுதட்டும் எழுதட்டும். நல்லாய்த்தான் எழுதியிருக்கிறான்." இன்னும் மேலே தள்ளினார். ஸ்ரீதரன் செய்து போட்ட கண்ணீர் அஞ்சலி வந்தது. கறுப்புக் கரைக்குள் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. "என்ரை படம் எங்கை?"

"எங்களிட்டை உங்கடை படம் ஒண்டும் இல்லை."

அவர் தொலைபேசியைத் திருப்பித் தந்தார். கண்ணாடியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சித்தி செத்தது தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

"மூண்டு வருசம். எத்தினை நாள் துடக்குக் காத்தனீ?"

இணையத்தில் அந்த மரண அறிவித்தலை நான் பார்த்தேன். எங்களுக்குத் துடக்கு என்று சிவகௌரி சொன்னாள். "பேச்சில்லாத இடத்திலை துடக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலுக்குப் போனேன். வடை இரண்டு சாப்பிட்டதும் ஞாபகம் இருக்கிறது. கப்பலில் வைத்துக் கேட்டபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. வரவேண்டிய நேரத்தில் வராத வாய் இது.

"ஒரு நாளும் இல்லை, சித்தப்பா."

"உண்மையாச் செத்தவளுக்கு ஒரு நாளும் இல்லை. பொய்யாச் செத்த எனக்கு முப்பத்தொரு நாள்." அவர் சிரித்தார். திட்டியிருக்கலாம்.

போட்ரம் வந்தது. மஞ்சள் தொப்பிகள் கோட்டை பார்க்கப் போக, சித்தப்பா மட்டும் எங்களோடு நின்றுவிட்டார். துறைமுகத்துக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடை, அதை ஒட்டிப் போலிக் கைப்பைகளும் கறுப்புக் கண்ணாடிகளும் தொங்குகிற ஒரு கடை. இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வந்தது. சிவகௌரி கடைக்காரனிடம் வைஃபை கேட்டு மகளுக்குப் படம் அனுப்பினாள். அந்த வைஃபையைப் பிடித்துக்கொண்டு வந்தார் ஸ்ரீதரன். வீடியோ அழைப்பு. மேசையில் கிடந்து தொலைபேசி துடித்தது.

சித்தப்பா பெயரை எட்டிப் பார்த்தார். "உவர்தானே அந்த ஸ்ரீதரன்? எடு."

"சித்தப்பா..."

"எடடா. எரிச்சாச்சு எண்டு சொல்லு. நான் அங்காலை போய் நிக்கிறன், படத்திலை விழமாட்டன்." தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "எனக்கு ஒண்டும் இல்லை. நான் இருந்தென்ன செத்தென்ன, லண்டனிலை ஆர் தேடப் போகினம்? நீ அந்த ஆக்களுக்குள்ளை இருக்க வேண்டியவன். உன்ரை மானம் போகக் கூடாது."

கோபத்தில் சொல்லவில்லை. கடைக்குப் போகிறேன், ஏதும் வேண்டுமா என்று கேட்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு நடந்துபோய், கறுப்புக் கண்ணாடிகள் தொங்குகிற சட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். தொப்பி மட்டும் மேலால் தெரிந்தது.

அழைப்பை எடுத்தேன். திரை நிறைய ஆட்கள். பாதி கட்டிய மோர்ப் பந்தலுக்கு முன்னால் தொண்டர்கள் வரிசையாக நின்றார்கள். றமணனும் நின்றான். யாரோ ஒருவன் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"யோகண்ணை, லிங் வரேல்லை. பிரேதம் எடுத்தாச்சோ?" என்றார் ஸ்ரீதரன். "நாங்கள் எல்லாரும் வேலையை நிப்பாட்டிப்போட்டு நிக்கிறம்."

'ஓம் ஸ்ரீ, எல்லாம் முடிஞ்சுது.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சிவகௌரி என் முகத்தையே பார்த்தாள். கண்ணாடிச் சட்டத்துக்கு மேலால் அந்த மஞ்சள் தொப்பி, கடைக்காரனுக்கு வழிவிட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே ஒதுங்கியது.

"ஒருக்கா நில்லும் ஸ்ரீ," என்று எழுந்தேன். சட்டத்தைச் சுற்றிப் போய்த் தொலைபேசியைத் திருப்பிப் பிடித்தேன். "இவர்தான் என்ரை சித்தப்பா. சண்முகராசா. சாகேல்லை. நான்தான் பொய் சொன்னனான்."

திரை அசையவில்லை. வைஃபை போய்விட்டது என்று ஒரு கணம் நம்பினேன். இல்லை, மனிதர்கள்தான் அசையாமல் நின்றார்கள். பின்வரிசையில் றமணன் சிரிக்கத் தொடங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மோர்ப் பந்தல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, ஒரு வருட மழைக்கும் சேர்த்துச் சிரித்தான்.

"அண்ணை," என்றார் ஸ்ரீதரன் கடைசியில், "பின்னாலை கைப்பை தொங்குது. இது என்ன இடம்?"

"துருக்கி."

சித்தப்பா தொலைபேசியை என்னிடம் இருந்து வாங்கினார். "வணக்கம் தம்பிமார். 'பழகுவதற்கு இனியவர்' எண்டு எழுதினது ஆர்?"

பின்னால் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது.

"சந்தோசம். உதை அழிச்சுப் போடாதையும், நான் ஒரு காலத்திலை சாவன்தானே."

"ஐயா, உங்களுக்கு ஒண்டுமில்லையே?" என்றார் ஸ்ரீதரன். அவருக்குத் துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

"சுகர் இருக்குது."

சிவகௌரி எட்டித் தொலைபேசியைப் பறித்தாள். "ஸ்ரீதரன், இவர் செய்த வேலைக்கு நீங்கள் என்னவும் செய்யுங்கோ. முதல்லை மாமாவின்ரை பேரிலை ஒரு அர்ச்சனை செய்விச்சுப் போடுங்கோ. இப்பவே."

"நட்சத்திரம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"பூரட்டாதி," என்றார் சித்தப்பா. பிறகு, "ஆரும் கேட்டு எத்தினை வருசம்" என்றார் யாருக்கும் இல்லாமல்.

ஸ்ரீதரன் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத்தான் என்னிடம் வந்தார். "அண்ணை, துடக்கு இல்லாத ஆள் எண்டபடியால் சொல்லுறன். வாற வருசம் உங்களுக்குக் கார்த் தரிப்பிடம். அதுக்கடுத்த வருசமும். மஞ்சள் அங்கி றமணன் தருவான்." அழைப்பு நின்றது. நான் எதிர்பார்த்ததோடு பார்த்தால் இரண்டு வருடம் மலிவு.

பின்னேரக் கப்பலில் சித்தப்பா தன் கூட்டத்தோடு இருக்காமல் எங்களிடம் வந்தார். இந்தமுறை இடைவெளி விடாமல் இருந்தார். கப்பல் துறையை விட்டு விலகியதும் சிவகௌரி கேட்டாள்:

"மாமா, மாமிக்கு என்ன நடந்தது?"

செத்தவீட்டுக்குப் போனால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதை முதலில் இருந்து சொல்வார்கள். சொல்லிச் சொல்லித்தான் ஆறும். சித்தப்பாவிடம் மூன்று வருடமாக ஒருவரும் கேட்டிருக்கவில்லை என்பது, அவர் தொடங்கிய விதத்திலேயே தெரிந்தது. ஒரு கார்த்திகை மாதத்து இருமலில் இருந்து தொடங்கினார். எந்த டொக்டர், அவர் என்ன நிறத்தில் டை கட்டியிருந்தார், ஆஸ்பத்திரிக்கு எத்தனையாம் இலக்க பஸ். ஆஸ்பத்திரிச் சூப்பை உப்பில்லை என்று சித்தி தள்ளிவிட்டாளாம். முப்பது வருடம் ஹொட்டலில் நின்று ஜெர்மன்காரருக்குச் சமைத்தீரே, எனக்கொரு ரசம் வைக்கமாட்டீரோ என்று கேட்டாளாம். இவர் ரசம் வைத்து, பிளாஸ்க்கில் விட்டு, கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போனாராம்.

அந்த இடத்தில் கப்பல் கொஸ் தீவில் முட்டி நின்றது.

குடிவரவு மண்டபத்தில் இரண்டு வரிசை. ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. பிரெக்சிற்றுக்குப் பிறகு லண்டன்காரரான நாங்கள் மற்றவர்கள். மஞ்சள் தொப்பிகள் காற்றுப்போல வெளியே போய்விட்டன. எங்கள் வரிசையில் இருநூறு பேர், ஒரே ஒரு அதிகாரி. அவரும் அடிக்கடி எழுந்து எங்கேயோ போனார். எங்களுக்குப் பின்னால் யாரோ இடித்தார்கள். திரும்பினால் சித்தப்பா.

"சித்தப்பா, உங்கடை வரிசை அங்கை. பஸ் விட்டிட்டுப் போகப் போகுது."

வெளியே ஒரு ஜெர்மன் பெண்மணி கையை அசைத்து அவரைக் கூப்பிட்டாள். அவரும் கையை அசைத்தார். போ என்ற அசைப்பு.

"செத்தவனுக்கு என்ன அவசரம்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சிவகௌரியின் பக்கம் திரும்பினார். "எதிலை விட்டனான் பிள்ளை?"

"ரசத்தைக் கோட்டுக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு போன இடத்திலை."

"ஓம். போனனா, வாசலிலையே நேர்ஸ் பிடிச்சிட்டாள். பிளாஸ்க்கைத் திறந்து மணந்து பாத்தாள். சரி, ஊத்தப் போறாள் எண்டு நான் நினைச்சன். பிள்ளை, அவள் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு வந்து, தனக்கும் கொஞ்சம் விடச் சொன்னாள்..."